கோத்தகிரியில் ஒரு சின்ன ஆய்வகம்: எந்தக் கருவியை முதலில் வாங்குவது?

கோத்தகிரி_தோட்டம்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம், சொந்தமாக ஒரு சின்ன ஃபேக்டரியும் ஓடுகிறது. மானியமாகக் கொஞ்சம் பணம் வரும்போல் தெரிகிறது. அதில் ஒரு ஆய்வகம் போட்டால் என்ன என்று பேச்சு. பார்க்க நினைப்பது இவ்வளவுதான்: டீ லிக்கரின் (வடித்த டீச் சாற்றின்) தரம், தோட்டத்து மண்ணில் சாம்பல் சத்து (பொட்டாசியம்), ஹட்டிகளுக்கு (படுகர் ஊர்களுக்கு) வரும் ஊற்றுத் தண்ணீர். குழுவில் இரண்டு பேர் கற்பூர இலையில் (யூகலிப்டஸ்) தைலம் காய்ச்சுகிறார்கள், அதில் கலப்படம் இல்லை என்று காட்டவும் ஒரு வழி வேண்டும்.

கீழே இருந்து வந்த விற்பனையாளர் ஒருவர், ஹெச்பிஎல்சி (கரைசலில் கலந்திருப்பதைப் பிரித்து அளக்கும் கருவி) ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்கிறார். விலையைக் கேட்டதும் எங்கள் தலைவர் வந்தவருக்கு இன்னொரு டீ சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அறை ரெடி: ஃபேக்டரி மாடியில், கொழுந்தை நசுக்கிச் சுருட்டும் சிடிசி மெஷினுக்கு நேர் மேலே. நான் பிஎஸ்சி வேதியியல். கல்லூரியை விட்ட பிறகு பியூரெட்டைக் கையால் தொட்டதில்லை. என்ன வாங்கலாம்?

ஆய்வக_அக்கா:
தம்பி, நீங்கள் கேட்டிருப்பது நாலு கேள்வி. அந்த விற்பனையாளரை இன்னொரு தடவை வரச் சொல்லுங்கள். வந்ததும், "சாம்பல் சத்தை இதில் போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அப்புறம் தைலத்தையும் கொடுங்கள்.

ஹெச்பிஎல்சி செய்வது இதுதான். கரைசலை நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் ஒரு எஃகுக் குழாய்க்குள் தள்ளும். உள்ளே சில மைக்ரான் அளவுள்ள சிலிக்கா மணிகள். ஒவ்வொரு பொருளும் அவற்றில் ஒட்டி விலகும் வேகம் வேறு, அதனால் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும். வெளியே வருவதை அடையாளம் காண்பது டிடெக்டர். உங்களுக்குக் கொடுக்கப்போவது அநேகமாக யுவி டிடெக்டராகத்தான் இருக்கும், அதாவது புற ஊதா ஒளியை விழுங்கும் மூலக்கூறு மட்டுமே அதன் கண்ணில் படும். பொட்டாசியம் அயனி படாது. தைலத்தின் உயிரான 1,8-சினியோலும் நடைமுறையில் படாது, யுவியை விழுங்கும் அமைப்பு அந்த மூலக்கூறில் இல்லை. அதற்கு ஆவியாக்கிப் பிரிக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப் (ஜிசி) வேண்டும். தண்ணீரின் பிஹெச்சையோ கடினத்தன்மையையோ ஹெச்பிஎல்சியிடம் கேட்பதே வீண். கடைசியில் மிஞ்சுவது தேயிலையின் கேட்டச்சின்களும் (பாலிஃபீனால் என்ற துவர்ப்புப் பொருள்களில் ஒரு வகை) கஃபீனும். அந்த ஒரு வேலைக்கு அது அருமையான கருவி, மறுக்கவில்லை. தேயிலைப் பாலிஃபீனால் அளக்கும் சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 14502-இன் இரண்டாம் பாகமே 278 நானோமீட்டரில் ஹெச்பிஎல்சி வழியாகக் கேட்டச்சின் பார்ப்பதுதான். ஆனால் அதே தரத்தின் முதல் பாகத்தை, அதாவது வினைப்பொருள் சேர்த்து நீல நிறத்தை அளக்கும் ஃபோலின் முறையை, ஒரு சாதாரண ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரை (சாம்பிள் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று பார்க்கும் கருவி) வைத்தே முடித்துவிடலாம்.

என் வாக்கு ஸ்பெக்ட்ரோவுக்கு. நல்ல பிஹெச் மீட்டர், கண்டக்டிவிட்டி (மின்கடத்துதிறன்) மீட்டர், சாம்பல் சத்துக்கு ஃபிளேம் போட்டோமீட்டர் இவை அதற்குப் பிறகு. இவ்வளவும் வாங்கி மிச்சம் இருந்தால் அப்போது பேசலாம்.

குன்னூர்_லிக்கர்:
நான் டீ மேக்கர். சும்மா கேட்கிறேன், லிக்கர் பார்க்க மெஷின் எதற்கு? குன்னூர் ஏலத்தில் விலை வைப்பது நாக்குதான். கப்பை வாயில் உறிஞ்சியதும் தெரிந்துவிடும், கொழுந்து வாடியது போதவில்லையா, டிரையரில் அடி பிடித்ததா, புளிப்பு மிஞ்சிவிட்டதா என்று. எந்த மெஷின் அதைச் சொல்லும்?

ஆய்வக_அக்கா:
அண்ணா, உங்கள் நாக்கோடு எனக்குச் சண்டை இல்லை. லிக்கர் செத்துக் கிடக்கிறது என்று நாக்கு சொல்லிவிடும். எந்த மணிக்குச் செத்தது என்று தெரிய வேண்டாமா? நொதிக்கும்போது டீயில் இரண்டு நிறப்பொருள் உருவாகும். தியாஃபிளேவின் ஏறி உச்சிக்குப் போய், அப்புறம் இறங்கும். தியாருபிஜின் ஏறிக்கொண்டே போகும். துடிப்பும் பளபளப்பும் முன்னதிலிருந்து, கனமும் செந்நிறமும் பின்னதிலிருந்து. ராபர்ட்ஸும் ஸ்மித்தும் 1960-களில் எழுதிவைத்த முறையில் லிக்கரைப் பிரித்தெடுத்து 380, 460 நானோமீட்டரில் அளந்தால் இரண்டும் எண்ணாகக் கிடைக்கும். டிசம்பர் குளிரில் கோத்தகிரியில் நொதிப்பதும் ஏப்ரலில் நொதிப்பதும் ஒரே வேகத்தில் நடக்காது என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். பத்து நிமிடத்துக்கு ஒரு சாம்பிள் எடுத்து கிராஃப் போட்டுவிட்டால், அந்தப் பருவத்துக்கு எங்கே நிறுத்துவது என்று ராத்திரி ஷிப்ட்டில் இருக்கும் பையனுக்கும் தெரியும். உங்கள் நாக்கு அந்நேரம் தூங்கிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. பிஹெச் மீட்டர் எப்படி வந்தது தெரியுமா? கலிஃபோர்னியாவின் பழ விவசாயிகள் கூட்டமைப்பில் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க ஒருவர் திண்டாடினார். அவருடைய பழைய வகுப்புத் தோழர் ஆர்னால்ட் பெக்மன் 1934-இல் அவருக்காகச் செய்துகொடுத்த கருவி அது. பழக்காரர்கள் கூட்டமைப்புக்குப் பிறந்த கருவியைத் தேயிலைக்காரர்கள் குழு வாங்குவதில் என்ன தப்பு?

குன்னூர்_லிக்கர்:
ராத்திரி ஷிப்ட் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். விலை வைப்பது நாக்குதான், அதில் மாற்றமில்லை.

சர்வீஸ்காரன்_கோவை:
மலை மேல் இருக்கும் லேப்களுக்கு வந்து போகிறவன் நான். கம்பெனி பெயரெல்லாம் வேண்டாம், பொதுவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த அறை. சிடிசி மெஷினுக்கு நேர் மேலேயா? தயவுசெய்து வேண்டாம். நாலு தசமம் காட்டும் தராசு அங்கே ஒருநாளும் நிற்காது, கடைசி இரண்டு இலக்கமும் ஆடிக்கொண்டே இருக்கும். தராசு தப்பானால் ஸ்டாண்டர்டு (ஒப்பிட வைக்கும் அளவு தெரிந்த கரைசல்) தப்பு, ஸ்டாண்டர்டு தப்பானால் நீங்கள் வாங்கும் எல்லாக் கருவியும் தப்பு. தரைத்தளத்தில், சுவரைத் தொடாமல் செங்கல் தூண் கட்டி மேலே கிரானைட் பலகை போடுங்கள். டீ பஞ்சும் வரக்கூடாது, கதவு ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும்.

இரண்டாவது ஈரம். இதுதான் மலையில் கருவியைக் கொல்வது. ஜூனில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து போகும் ஊரில், ஸ்பெக்ட்ரோவின் கண்ணாடியிலும் ஒளியைப் பிரிக்கும் கிரேட்டிங்கிலும் பூஞ்சை பிடிக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரீடிங் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும், ஸ்ட்ரே லைட் (வேண்டாத சிதறல் ஒளி) ஏறும், கருத்த சாம்பிளை எவ்வளவு கருப்பாக்கினாலும் அப்சார்பன்ஸ் (ஒளியை விழுங்கும் அளவு) ஓர் அளவுக்கு மேல் ஏற மறுக்கும். சின்ன டிஹ்யூமிடிஃபையர் ஒன்று, சாம்பிள் அறைக்குள் சிலிக்கா ஜெல் பை. ஜெல் நிறம் மாறியதும் அடுப்பில் காய வையுங்கள். அதைச் செய்ய ஒருவர் பெயரைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள். வாரத்துக்கு ஒரு நாளாவது கருவியை ஆன் செய்து சூடேற விடுங்கள். மூடி போட்டு மாதக்கணக்கில் பூட்டி வைத்த கருவிதான் முதலில் போகும்.

மூன்றாவது கரண்ட். காற்றில் மரம் சாய்ந்தால் நம் லைன் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆன்லைன் யுபிஎஸ் வேண்டும், தனி எர்த் குழி வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இன்ஸ்டால் செய்ய வருபவர் பெட்டியைப் பிரிக்க மாட்டார்.

முனைவர்_ஊட்டி:
எல்லோரும் சேர்ந்து ஹெச்பிஎல்சியை ஒரேயடியாக ஒதுக்குகிறீர்கள். இப்போது வாங்குபவர்கள் முதலில் கேட்பதே பூச்சிமருந்து எச்ச அறிக்கை. குழுவிடமே ஹெச்பிஎல்சி இருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளலாமே?

ஆய்வக_அக்கா:
அங்கேதான் சறுக்கும். ஐரோப்பா போகும் தேயிலையில் பல மருந்துகளுக்கு எல்லை கிலோவுக்கு 0.01 முதல் 0.05 மில்லிகிராம். தேயிலைச் சாற்றில் பாலிஃபீனால், கஃபீன், நிறமி எல்லாம் மலைபோல் குவிந்து நிற்கும்போது யுவி டிடெக்டர் அந்தத் துளியை எங்கே போய்த் தேடும்? அதற்கு எல்சி-எம்எஸ்-எம்எஸ், ஜிசி-எம்எஸ்-எம்எஸ் வேண்டும். இரண்டு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை அடுத்தடுத்து வைத்து, முதலாவதில் மூலக்கூறைப் பிடித்து, உடைத்து, உடைந்த துண்டின் எடையை இரண்டாவதில் பார்ப்பது. அது குழு வாங்கும் சாமான் இல்லை. அதோடு, வாங்குபவருக்கு வேண்டியது ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 தரத்தின்படி என்ஏபிஎல் (இந்திய ஆய்வக அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தின் அறிக்கை. உங்கள் மாடியில் எடுத்த ரீடிங் எவ்வளவு சரியாக இருந்தாலும் அதை ஏற்க மாட்டார்கள். எச்சத்துக்கு சாம்பிளைக் கீழே அனுப்புங்கள், காசு மிச்சம்.

முனைவர்_ஊட்டி:
அந்தப் புள்ளியில் சரி. ஆனால் கேட்டச்சின் அளவைப் போட்டு கிரீன் டீ விற்கும் எண்ணம் இருந்தால் ஹெச்பிஎல்சியை மறுபடி யோசியுங்கள். ஃபோலின் முறை மொத்தப் பாலிஃபீனாலைத்தான் சொல்லும், கேட்டச்சின்களில் எது இஜிசிஜி எது இஜிசி என்று பிரிக்காது. ஃபோலின் வினைப்பொருள் வைட்டமின் சியைக் கண்டாலும் நீலமாகும்.

கோத்தகிரி_தோட்டம்:
இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. கிரீன் டீ இப்போதைக்கு இல்லை. தராசுக்குக் கீழ்த்தளத்தில் இடம் பார்க்க நாளைக்கே சொல்கிறேன்.

ஊற்றுத் தண்ணீர் விஷயம். பேனா மாதிரி ஒரு பிஹெச் மீட்டர் வாங்கி வைத்திருக்கிறோம். ஊற்றடியில் வைத்தால் 5.7 காட்டுகிறது. அதே தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து மத்தியானம் பார்த்தால் 6.5. மீட்டர் ரிப்பேரா?

ஆய்வக_அக்கா:
மீட்டரைத் திட்டாதீர்கள், இரண்டுமே உண்மையாக இருக்கலாம். மண்ணுக்குள்ளிருந்து வரும் தண்ணீரில் கரியமில வாயு நிறையக் கரைந்திருக்கும், அது கார்பானிக் அமிலம். பாட்டிலைத் திறந்து குலுக்கி ஊற்றினால் வாயு ஓடிவிடும், பிஹெச் ஏறும். ஊற்றின் பிஹெச் வேண்டுமென்றால் ஊற்றடியில்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் மலைத் தண்ணீரில் வேறொரு சிக்கல் உண்டு. நம் ஊற்றுகள் பலவற்றில் உப்பே இருக்காது, கண்டக்டிவிட்டி ரொம்பக் குறைவு. கண்ணாடி எலக்ட்ரோடுக்கு இந்த மாதிரித் தண்ணீர் பிடிக்காது. முள் ஒரு இடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். அவசரப்பட்டு முதலில் வந்த எண்ணை எழுதாதீர்கள். வேகமாகக் கலக்காமல் மெதுவாக ஆட்டிவிட்டு, நிற்கும்வரை பொறுங்கள். குறைந்த அயனித் தண்ணீருக்கென்றே எலக்ட்ரோடு தனியாகக் கிடைக்கிறது, வாங்கும்போது அதைக் கேளுங்கள். எலக்ட்ரோடை வாலை வடிநீரில் ஊற வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில்தான் வைக்க வேண்டும்.

குளிரும் கணக்கில் வரும். பிஹெச் ஒன்று மாறினால் எலக்ட்ரோடு தரும் மின்னழுத்தம் 25 டிகிரியில் 59.16 மில்லிவோல்ட், 15 டிகிரியில் 57.2தான். வெப்பநிலை உணரி உள்ள மீட்டர் இதைத் தானே சரிசெய்துகொள்ளும். பஃபரின் (மீட்டரைச் சரிபார்க்கும் பிஹெச் தெரிந்த கரைசல்) மாற்றத்தை எல்லா மீட்டரும் சரிசெய்யாது, பாட்டிலில் 10.01 என்று எழுதியிருக்கும் பஃபர் 15 டிகிரியில் 10.12. அட்டவணை பாட்டில் பின்னாலேயே ஒட்டியிருக்கும், யாரும் படிப்பதில்லை.

ஹட்டி_பையன்:
எங்கள் ஊருக்கு ஒரு ஆள் வந்து தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) மீட்டரை விட்டார், 40 காட்டியது. "இவ்வளவு குறைவா, தாது சத்தே இல்லை" என்றார். அப்புறம் இரண்டு கம்பியைத் தண்ணீரில் விட்டு கரண்ட் கொடுத்தார். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் செம்பழுப்பாகக் கலங்கி நுரைத்தது. "இதைத்தான் குடிக்கிறீர்கள்" என்று சொல்லி ஃபில்டர் விற்கப் பார்த்தார். பாட்டிகள் எல்லாம் பயந்துவிட்டார்கள்.

சர்வீஸ்காரன்_கோவை:
அது பழைய வித்தை. இரும்புக் கம்பி கரைந்து இரும்பு ஹைட்ராக்சைடாகப் படிகிறது, அழுக்கு முழுக்கக் கம்பியிலிருந்து வந்ததுதான். அவர் விற்கும் ஃபில்டரிலிருந்து வரும் ஆர்ஓ தண்ணீரில் அயனி அநேகமாக இல்லாததால் கரண்ட் போகாது, கம்பி கரையாது, தண்ணீர் தெளிவாகவே இருக்கும். அடுத்த தடவை வந்தால் அந்த ஆர்ஓ தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

டிடிஎஸ் மீட்டரும் உண்மையில் கண்டக்டிவிட்டி மீட்டர்தான். கடத்துதிறனை 0.5 முதல் 0.7 வரை ஏதோ ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. ஈயம் இருந்தாலும் கிருமி இருந்தாலும் அதற்குத் தெரியாது. 40 என்பது நல்ல தண்ணீரும் இல்லை, கெட்ட தண்ணீரும் இல்லை. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500-இல் டிடிஎஸ்ஸுக்கு மேல் எல்லைதான் உண்டு, 500 (வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000).

கொடை_பூண்டு:
பழனி மலைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இழைக்கு வெளியே போகிறேனோ தெரியவில்லை. 2001-இல் மூடிய தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் பற்றி எங்கள் ஊரில் இன்னும் பேச்சு ஓயவில்லை. இந்த மாதிரிச் சின்ன ஆய்வகத்தில் தண்ணீரில் பாதரசம் பார்க்க முடியுமா? ஓடைத் தண்ணீரை நாங்களே பார்த்துவிடலாம் என்று இளைஞர்கள் சிலர் சொல்கிறார்கள்.

ஆய்வக_அக்கா:
வெளியே போகவில்லை, திரவ சாம்பிள்தானே. ஐஎஸ் 10500-இல் பாதரசத்துக்கு எல்லை லிட்டருக்கு 0.001 மில்லிகிராம், அதாவது ஒரு மைக்ரோகிராம். அந்த அளவைத் தொட கோல்டு வேப்பர் முறை வேண்டும். சாம்பிளில் ஸ்டானஸ் குளோரைடு சேர்த்தால் அயனியாக இருக்கும் பாதரசம் உலோகமாகும். காற்றை ஊதினால் அறை வெப்பநிலையிலேயே ஆவியாக வெளியே வரும். அந்த ஆவி 253.7 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்ப்பது. தீச்சுடரே தேவையில்லை, பாதரசத்துக்கு மட்டும் உள்ள சௌகரியம். அதற்கென்றே தனிக் கருவி கிடைக்கிறது.

அதைவிடக் கஷ்டம் பாட்டில்தான். சாதாரண பாலிஎத்திலீன் பாட்டிலில் பாதரசம் சுவரில் ஒட்டும், ஆவியாக வெளியேயும் போகும். அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய கண்ணாடி பாட்டில் அல்லது ஃபுளோரோபாலிமர் பாட்டில் எடுத்து, சாம்பிளில் உடனே அமிலம் சேர்க்க வேண்டும். இளைஞர்களுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். ஓடைத் தண்ணீரில் ஒன்றும் காணவில்லை என்பதால் பாதரசம் இல்லை என்றாகாது. அது வண்டலில் தங்கும், மீனில் சேரும். தண்ணீரை மட்டும் பார்த்துவிட்டு ஊருக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடாதீர்கள். இப்படிப்பட்ட விஷயத்தில் அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தின் அறிக்கைக்குத்தான் மதிப்பு, நீங்களே பார்த்த எண்ணை எதிர்த்தரப்பு ஒரே நிமிடத்தில் தள்ளிவிடும்.

கொடை_பூண்டு:
நன்றி மேடம். வண்டலை யோசிக்கவே இல்லை.

தைலம்_ஊட்டி:
கற்பூர இலை காய்ச்சுகிற பரம்பரை. தைலத்துக்கு ஜிசி வேண்டும் என்று அக்கா சொன்னது சரிதான், ஆனால் எல்லாத் தொட்டிக்கும் ஜிசிக்கு அனுப்பினால் கட்டுமா? நாங்கள் வீட்டிலேயே பார்ப்பதைச் சொல்கிறேன்.

ஒளி எவ்வளவு வளைகிறது என்று காட்டும் அபே ரிஃப்ராக்டோமீட்டரில் நல்ல தைலம் 20 டிகிரியில் 1.458 முதல் 1.470 வரை நிற்கும். டிகிரி ஒன்று மாறினால் நாலாவது தசமத்தில் நாலைந்து எண் மாறும், அதனால் வெப்பநிலையை எழுதாத ரீடிங் குப்பை. டர்ப்பன்டைன் கலந்தால் இதில் மட்டும் பிடிபடாது, அதன் எண்ணும் பக்கத்திலேயே இருக்கிறது. அடர்த்தியில் மாட்டும். தைலம் 0.906-க்குக் கீழே போகாது, டர்ப்பன்டைன் 0.86 சுமார். அப்புறம் ஒரு பங்கு தைலத்தை ஐந்து பங்கு 70 சதவீத ஆல்கஹாலில் விட்டுப் பாருங்கள். நல்லது தெளிவாகக் கரையும், டர்ப்பன்டைன் இருந்தால் பால்போல் கலங்கும். சுற்றுலாக் கடைகளில் தொங்கும் சில பாட்டில்களை இப்படிச் சோதித்தால் வேடிக்கையாக இருக்கும்.

ஜிசிக்கு அனுப்புவது வருடத்துக்கு ஒன்றிரண்டு போதும். மருந்துக் கம்பெனிக்காரர்கள் கேட்பது சினியோல் 70 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா என்றுதான்.

நடுவட்டத்தான்:
கருவிப் பேச்சு வந்ததால் எங்கள் ஊர்ப் பெருமையைச் சொல்லாமல் விட முடியாது. 1860-களில் இந்த மலையில் சிங்கோனா நட்டார்கள், அதன் பட்டையிலிருந்து மலேரியா மருந்தான கொய்னா எடுக்க நடுவட்டத்தில் ஃபேக்டரி வந்தது. 1866-இல் ஜான் பிராட்டன் என்ற வேதியியலாளரை, பட்டையில் எவ்வளவு கொய்னா இருக்கிறது என்று பார்ப்பதற்காகவே அரசு நியமித்தது. மலையில் ஆய்வகம் வைப்பது புதுசு இல்லை என்பதற்காகச் சொன்னேன். சிங்கோனாவில் ஒரே மாதிரி ஆல்கலாய்டுகள் நாலு உண்டு. முனைவாக்கிய ஒளியை ஒரு கரைசல் எந்தப் பக்கம் திருப்புகிறது என்று காட்டும் போலாரிமீட்டரில் கொய்னாவும் சிங்கோனிடினும் ஒளியை இடப்பக்கம் திருப்பும், மற்ற இரண்டும் வலப்பக்கம்.

இன்றும் ஃபுளோரிமீட்டர் (ஒளி பட்டதும் பொருள் மின்னுவதை அளக்கும் கருவி) சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கொய்னா சல்ஃபேட் கரைசலைத்தான் வைக்கிறார்கள். 350 நானோமீட்டர் ஒளி கொடுத்தால் 450-இல் நீலமாக மின்னும். நீர்த்த கந்தக அமிலத்தில் கரைக்க வேண்டும். ஹைட்ரோகுளோரிக்கில் கரைத்தால் குளோரைடு அந்த ஒளியை அணைத்துவிடும்.

நெறியாளர்:
வரலாறு சுவையாக இருக்கிறது, தனி இழை தொடங்குங்கள் நடுவட்டத்தாரே, எல்லோரும் வருகிறோம். இங்கே கோத்தகிரிக்காரருக்கு மண் பரிசோதனை இன்னும் பாக்கி.

முனைவர்_ஊட்டி:
மண்ணுக்கு நான் சொல்கிறேன். ஐந்து கிராம் மண்ணை 25 மில்லி நடுநிலை அம்மோனியம் அசிட்டேட்டில் குலுக்கி வடிகட்டுங்கள். வடிநீரை ஃபிளேம் போட்டோமீட்டரில் உறிஞ்ச விட்டால், சுடரில் பொட்டாசியம் 766 நானோமீட்டரில் ஒளிவிடும். எளிமையான, முரட்டுக் கருவி. எங்கள் பிரச்சினை எல்பிஜிதான். ஜனவரிக் காலையில் வீட்டு அடுப்பே சோம்பலாக எரிவது தெரியுமே, சிலிண்டரில் உள்ள பியூட்டேன் குளிரில் சரியாக ஆவியாகாது. சுடர் ஆடினால் ரீடிங்கும் ஆடும். பத்து மணிக்கு மேல், வெயில் ஏறிய பிறகு தொடங்குங்கள். சில சாம்பிளுக்கு ஒரு தடவை ஸ்டாண்டர்டை மறுபடி உறிஞ்ச விடுங்கள்.

அந்த அம்மோனியம் அசிட்டேட்டை கிளேசியல் அசெட்டிக் அமிலத்திலிருந்து செய்வீர்களானால், அந்த அமிலம் 16.6 டிகிரியில் உறைந்துவிடும். குளிர்காலத்தில் பாட்டிலைக் கவிழ்த்தால் கட்டியாக நிற்கும். கெட்டுப்போனது என்று கொட்டிவிடாதீர்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினால் உருகும். மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள்.

ஆய்வக_அக்கா:
குளிர் என்றதும் ஞாபகம் வந்தது, ஃபோலின் முறையில் கார்பனேட் சேர்த்து ஒரு மணி நேரம் வைத்து 765-இல் படிக்கச் சொல்வார்கள். அது சமவெளி அறைக்கு எழுதியது. 14 டிகிரியில் நிறம் முழுதாக வர அதைவிட நேரமாகும். குழாய்களை 25 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் வையுங்கள், ஸ்டாண்டர்டையும் கூடவே. லிக்கரை நீர்த்து, அப்சார்பன்ஸ் 0.2-க்கும் 1-க்கும் நடுவில் வரும்படி பாருங்கள். 1 என்றாலே பத்தில் ஒரு பங்கு ஒளிதான் டிடெக்டருக்கு வருகிறது, 2 என்றால் நூற்றில் ஒன்று.

நம் நாட்டுக் கண்ணாடிச் சாமான்கள் பலவற்றில் 27 டிகிரி என்று அச்சிட்டிருக்கும், அந்த வெப்பத்தில்தான் கோடு சரி. 14 டிகிரியில் 100 மில்லி கோடு வரை தண்ணீர் ஊற்றினால் கால் சதவீதம்போல் கூடுதல் எடை உள்ளே இருக்கும். டைட்ரேஷனில் கவலைப்பட வேண்டாம், ஸ்டாண்டர்டு தயாரிக்கும்போது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

தண்ணீர் கொதிப்பதும் உங்கள் உயரத்தில் 94 டிகிரி சுமார், அதனால் தூளிலிருந்து சாறு கொஞ்சம் குறைவாக இறங்கலாம். தேயிலையின் நீர்ச்சாறு (கொதிநீரில் கரைந்து வரும் பங்கு) குறைந்தபட்சம் 32 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. எல்லையை ஒட்டி 32.3 என்று வந்தால், அதே தூளைக் கீழே ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கோத்தகிரி_தோட்டம்:
குழுவில் பேசினோம். ஸ்பெக்ட்ரோ, பிஹெச் மீட்டர், கண்டக்டிவிட்டி, ஃபிளேம் போட்டோமீட்டர், தராசு, தண்ணீர்த் தொட்டி, டிஹ்யூமிடிஃபையர், யுபிஎஸ். தைலக்காரர்கள் தங்கள் செலவில் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குகிறார்கள். தலைவர் ஒன்று கேட்கச் சொன்னார்: மண்ணில் துத்தநாகம், மாங்கனீசு எல்லாம் ஒரே அடியில் காட்டும் ஐசிபி என்று ஒன்று இருக்கிறதாமே?

சர்வீஸ்காரன்_கோவை:
இருக்கிறது, அற்புதமான கருவி. ஆர்கானை ஆயிரக்கணக்கான டிகிரியில் பிளாஸ்மாவாக்கி அதில் சாம்பிளைத் தூவும். ஆனால் நிமிடத்துக்கு 15 முதல் 18 லிட்டர் ஆர்கான் குடிக்கும். பெரிய சிலிண்டரில் 7,000 லிட்டர், ஏழு மணி நேரத்தில் காலி. ஒவ்வொரு சிலிண்டரையும் மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றி வர வேண்டும். மண் சரிந்து ரோடு மூடினால் கருவி சும்மா கிடக்கும். துத்தநாகம் வேண்டுமென்றால் சாற்றைப் பாட்டிலில் கீழே அனுப்புங்கள். பாட்டில் இறங்குவது சுலபம், சிலிண்டர் ஏறுவதுதான் கஷ்டம்.

கோத்தகிரி_தோட்டம்:
புரிந்தது. கடைசியாக ஒன்று: ஊற்றுத் தண்ணீர் எடுக்க என்ன பாட்டில்? சோலைக்குள் நடந்து போக வேண்டும், ஒரே பாட்டிலில் எல்லாம் முடிந்தால் நல்லது.

ஆய்வக_அக்கா:
ஒரே பாட்டிலில் முடியாது. கடைத் தண்ணீர் பாட்டிலையும் தேடாதீர்கள், நம் மாவட்டத்தில் அதற்குத் தடை வேறு. ஆய்வகத்துக்கான ஹெச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) பாட்டில் இரண்டு, கிருமிக்குத் தனியாக ஒன்று. முதல் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசி, குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். இது காரத்தன்மை, குளோரைடு, கண்டக்டிவிட்டிக்கு. பிஹெச் அங்கேயே பார்த்துவிடுங்கள். இரண்டாவது உலோகத்துக்கு, அதில் நைட்ரிக் அமிலம் விட்டு பிஹெச்சை 2-க்குக் கீழே இறக்க வேண்டும். மூன்றாவது கிருமிக்கு: கிருமிநீக்கம் செய்த பாட்டில், அலசக் கூடாது, உள்ளே விரல் படக் கூடாது, மேலே கொஞ்சம் காற்றிடம் விடுங்கள், ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். ஹட்டிக்காரர்களுக்கு முதலில் தேவை அந்த மூன்றாவது பாட்டில்தான், நீங்கள் வாங்கும் எந்தக் கருவியும் அதைப் பார்க்காது.

ஹட்டி_பையன்:
சாம்பிள் எடுக்க நானும் கூட வருகிறேன். மழை விட்ட நேரம், அட்டை ஜாஸ்தி. பையில் உப்பு இருக்கிறது.

ஆய்வக_அக்கா:
அட்டைக்கு உப்பு தேய்த்த கையோடு பாட்டில் மூடியைத் திறந்தால் அந்த ஊற்றில் சோடியமும் குளோரைடும் எக்கச்சக்கமாக வரும். இத்தனை குறைந்த உப்புத் தண்ணீருக்கு ஒரு சிட்டிகையே போதும் கெடுக்க. புகையிலைக்கு மாறலாம் என்று பார்க்காதீர்கள், அதில் பொட்டாசியம். வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு போங்கள், பாட்டிலைத் தொடும் ஆள் கையுறை போடட்டும், அட்டையைப் பிடுங்கும் ஆள் வேறாக இருக்கட்டும்.